குற்றப் பரம்பரைச் சட்டமும் தன்விருப்பக் கேள்வியும்: திருநெல்வேலி

குற்றப் பரம்பரைச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் 1871-இல் இயற்றப்பட்டது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், மறவர் பிரிவுகள் உட்படப் பல சமூகங்கள் இதன் கீழ் அறிவிக்கப்பட்டன. மக்கள் வாயில் இது கைரேகைச் சட்டம். பதிவேட்டில் ஏறியவர் ரேகை வைக்க வேண்டும், குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சந்தேகத்துக்கிடமாக நின்ற அவர் திருடப் போகிறார் என்று நீதிமன்றம் கருதினாலே 3 ஆண்டு வரை சிறை. மனிதன் தன் செயலைத் தானே தேர்கிறானா, முன்காரணங்கள் அவனைச் செலுத்துகின்றனவா என்ற பழைய வழக்கில், அரசே நியதிவாதத்தின் பக்கம் சாய்ந்து எழுதிய சட்டம் இது. தொழில் பரம்பரையாக வருவதுபோல் குற்றமும் வரும் என்பதே 1871-இல் சொல்லப்பட்ட நியாயம்.

அந்த நியாயம் தர்க்கத்திலேயே நிற்காது. பிறப்புதான் ஒருவரைத் திருட வைக்கிறதென்றால் அவர்மேல் பழியில்லை, தண்டிக்க முகாந்திரமும் இல்லை. தேர்ந்துகொள்ளும் திறன் அவருக்கு உண்டென்றால், செயலுக்கு முன்பே சந்தேகிக்க முகாந்திரம் இல்லை. சட்டமோ விதியால் திருடன் என்று பதிந்துவிட்டு, விரும்பித் திருடியவனைப் போல் அடைத்தது. நெல்லையின் வரலாறு இதைவிட வலுவான மறுப்பு. தாமிரபரணிக் கால்வாய்களின் நெல்வயல்களுக்கு அப்பால், குளத்துப் பாசன ஊர்களிலும் மானாவாரி நிலத்திலும் காவல்காரர்களாக இருந்தவர்கள் மறவர்கள். ஊர் அவர்களுக்குக் காவல் கூலி கொடுத்தது; களவு போனால் பொருளை மீட்டுத் தருவதோ ஈடு கட்டுவதோ காவல்காரர் பொறுப்பு. 1801-இல் பாளையக்காரர் போர்கள் முடிந்தபின் கம்பெனி ஆட்சி காவலைத் தன் கைக்குள் கொண்டுவர முனைந்தது. உரிமை பறிபோனது, வழக்கம் ஊர்களில் நீடித்தது. அரசின் கண்ணில் அதே கூலி மிரட்டிப் பறிக்கும் பணமாயிற்று. மிரட்டலே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஊர்ச் சொத்தைக் காத்தவரின் பேரன் பிறவித் திருடனாகப் பதிவானபோது, இடையில் மாறியிருந்தவை வருமானமும் சட்டமும்தான், ரத்தம் அல்ல. காரணம் தேடியது தவறில்லை. அதைப் பிறப்பில் கொண்டுபோய் நிறுத்தியதே தவறு.

இந்தச் சட்டம் தண்டனை அல்ல, தொற்றுநோயாளியை ஒதுக்கி வைப்பது போன்ற முன்தடுப்பு என்று வாதிடலாம். தன்விருப்பத்தை மறுக்கும் இன்றைய தத்துவவாதிகள் சிலரும் தண்டனைக்குப் பதிலாக இதையே முன்வைக்கிறார்கள். ஆனால் ஒதுக்குவதற்கு முன் நோய் இருக்கிறதா என்று ஆளுக்கு ஆள் பார்த்தாக வேண்டும். இங்கே பார்க்கப்பட்டது சாதி ஒன்றுதான். காரணங்களைப் பேசத் தொடங்கினால் எல்லாக் குற்றவாளிகளும் தப்பிவிடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. நம் சட்டம் அதற்கு வழி கண்டிருக்கிறது. செயலின் தன்மையை அறிய முடியாத அளவுக்கு மனநலம் குன்றியவரை பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு விடுவிக்கிறது. மற்றவரின் குற்றம் குற்றமாகவே நிற்கும். ஆனால் மரண தண்டனை விதிக்குமுன் குற்றத்தோடு குற்றவாளியின் சூழ்நிலையையும் எடைபோட வேண்டும் என்று 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. காரணங்களுக்கு உரிய இடம் இதுதான்: செயலுக்குப் பின், ஒரு தனி மனிதரின் வாழ்க்கையில்.

சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிறப்பைக் கொண்டு நடத்தையைக் கணிக்கும் பழக்கம் சிறைக்குள்ளும் தொடர்ந்தது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் தேவர், நாடார், பள்ளர் கைதிகள் தனித்தனிப் பகுதிகளில் வைக்கப்பட்டனர். மோதலைத் தவிர்க்கவே இப்படி என்ற விளக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் முன்பு ஏற்றிருந்தது. தென் மாவட்டச் சாதி மோதல்களின் ரத்தத்தை அறிந்தவர் இந்தக் கவலையைப் பொய் என்று ஒதுக்க மாட்டார். ஆனாலும் அடிதடியில் இறங்காத கைதியையும் அவர் சாதியே இறக்கிவிடும் என்பதுதான் இதன் உள்ளர்த்தம். சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் கடமை, அதற்காகச் சாதிவாரியாகப் பிரிக்க முடியாது என்றது. கைதிகள் பதிவேட்டில் சாதிக்கென உள்ள பத்தியை நீக்கவும் உத்தரவிட்டது.