ரஸ்தஃபாரி: அரசர் கைவிட்ட பெயர்

1930 நவம்பர் 2 அன்று அடிஸ் அபாபாவில் எத்தியோப்பியப் பேரரசராக முடிசூடியபோது, 38 வயது தஃபரி மகோன்னன் தம் பழைய பெயரை விட்டு, ஞானஸ்நானப் பெயரான ஹைலே செலாசியை அரியணைப் பெயராக ஏற்றார். 'திரித்துவத்தின் வல்லமை' என்பது அதன் பொருள். அன்றோடு அரண்மனையில் பழைய பெயருக்கு வேலை முடிந்துவிட்டது. ஆனால் கடல் தாண்டி, கரும்புத் தோட்டங்களுக்காக அறியப்பட்டிருந்த ஜமைக்காவில், அந்தப் பழைய பெயர் வேர்விட்டு ஒரு சமயத்தின் பெயரானது. அதுவே ரஸ்தஃபாரி.

சொல்லைப் பிரித்தால் இரண்டு துண்டுகள். 'ராஸ்' என்றால் எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் தலை. அரபியின் 'ரஃஸ்', எபிரேயத்தின் 'ரோஷ்' இரண்டும் இதே வேரில் பிறந்தவை. யூதர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானா என்பதன் நேர்ப்பொருள் 'ஆண்டின் தலை'. தமிழில் தலையிலிருந்து தலைவன் வந்தது போல, அங்கேயும் உறுப்பின் பெயர் பட்டப் பெயராகி, உயர்நிலைப் பிரபுக்களைக் குறித்தது. 'தஃபரி' அவரது சொந்தப் பெயர். அச்சமும் மரியாதையும் கலந்து நோக்கப்படுபவர் என்று பொருள் சொல்வார்கள். மகோன்னன் என்பது தந்தையின் பெயர். எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை; தம் பெயரை அடுத்துத் தந்தை பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். நாம் முதலெழுத்தாக முன்னால் வைப்பதை அவர்கள் முழுப்பெயராகப் பின்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே 'ராஸ் தஃபரி' என்பது அவருடைய பட்டமும் பெயரும் சேர்ந்த சரியான விளி.

முடிசூடிய பெயரை விட்டு ஜமைக்கர்கள் ஏன் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டார்கள்? 1916 முதல் அவர்தான் எத்தியோப்பியாவின் ஆட்சிப் பொறுப்பாளர். 1924-இல் ஐரோப்பியத் தலைநகரங்களுக்குப் போனபோது செய்தித்தாள்கள் அவரை ராஸ் தஃபரி என்றே எழுதின. உலகம் அறிந்திருந்த பெயர் அது. இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. அரியணைப் பெயர் அரண்மனைக்கும் திருச்சபைக்கும் உரியது. ராஸ் தஃபரியோ ஒரு மனிதனின் பெயர். வாய்விட்டு அழைக்க அதுதான் வாகாக இருந்திருக்கும்.

அழைத்தவர்கள் யார் என்பது முக்கியம். ஜமைக்காவின் செயின்ட் ஆன்ஸ் பேயில் 1887-இல் பிறந்த மார்கஸ் கார்வி, ஆப்பிரிக்காவை நோக்கித் தலைநிமிரச் சொல்லிக் கறுப்பின மக்களை உலகளவில் திரட்டியவர். அந்த உணர்வில் ஊறிய லியோனார்ட் ஹவல் 1932-இல் வெளிநாட்டிலிருந்து ஜமைக்காவுக்குத் திரும்பி, ராஸ் தஃபரியே மீட்பர் என்று தெருமுனைகளில் பேசத் தொடங்கினார். பேரரசரின் படத்தை ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். பிரிட்டிஷ் மன்னரின் குடிகளிடம் 'உங்கள் அரசர் வேறொருவர்' என்று சொன்னால் ஆட்சி சும்மா இருக்குமா? 1934-இல் மோரன்ட் பேயில் அவர்மீது ராஜத்துரோக வழக்கு, இரண்டாண்டுச் சிறை. 1865-இல் பால் போகிள் தலைமையில் ஏழை விவசாயிகள் கிளர்ந்தெழுந்த அதே ஊர். பின்னாளில் கார்வியே ஹைலே செலாசியைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். ஆனாலும் ரஸ்தாக்கள் எனப்படும் ரஸ்தஃபாரி அடியார்கள் கார்வியைத் தீர்க்கதரிசியாகவே போற்றினார்கள்.

ஹவலுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. தம் நூலை அவர் கங்குங்குரு மராஜ் என்ற பெயரில் வெளியிட்டார். ஞானம், குணம், குரு, மகராஜ் என்று ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்துப் படிக்கிறார்கள். 1845 முதல் ஏறத்தாழ 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவில் இறக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகவும் சிலர் சென்னை வழியாகவும் போனவர்கள். கஞ்சா என்ற செடியும் சொல்லும் அவர்களோடுதான் அந்தத் தீவுக்குப் போயின. தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் வெயிலில் நின்ற இரு கூட்டத்தாரின் உறவு, ஒரு ஆப்பிரிக்க வழிச் சமயத்தின் முன்னோடி ஏற்ற பெயரில் இப்படிப் பதிந்து கிடக்கிறது. நம் வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும். அடியார்கள் ஹவலைச் சுருக்கமாக 'காங்' என்று அழைத்தார்கள். ரஸ்தாவும் ரெகே பாடகருமான பாப் மார்லியின் இசை நிறுவனமான 'டஃப் காங்' பெயரிலும் அதே ஒலி இருக்கிறது.

அடிமைக் கப்பலில் வந்தவர்களின் பெயர்களைப் பறித்துவிட்டு, முதலாளிகள் தங்கள் பெயர்களையே சூட்டினார்கள். அந்தச் சந்ததியார் தம் பெயருக்கு முன் 'ராஸ்' என்று போட்டுக்கொண்டபோது, பிரபுப் பட்டம் குடிசைவாசிக்கு வந்தது. உச்சரிப்பையும் மாற்றினார்கள். கடைசி அசையை நீட்டி 'ரஸ்தஃபரை' என்பார்கள். 'முதலாம் ஹைலே செலாசி' என்பதில் 'முதலாம்' என்பதைக் குறிக்கும் ரோமன் எண்ணும், ஆங்கிலத்தில் 'நான்' என்பதற்கான சொல்லும் ஒரே எழுத்து. 'ஐ' என்று ஒலிப்பது. ஜமைக்கப் பேச்சுமொழியில் 'நான்' வரவேண்டிய இடத்தில் 'மீ', அதாவது 'என்னை', நின்றது. பிறர் செயலுக்கு ஆட்படுபவனின் சொல் அது என்று ரஸ்தாக்கள் அதைத் தள்ளினார்கள். 'நாம்' என்பதற்குக்கூட 'ஐ அண்ட் ஐ' என்றே சொன்னார்கள்: நானும் நானும்.

இந்தப் பெயரைச் சொன்னதற்காக அவர்கள் பட்டது கொஞ்சமல்ல. 1963-இல் ஜமைக்காவின் கோரல் கார்டன்ஸில் சில ரஸ்தாக்களுக்கும் காவல்துறைக்கும் நடந்த மோதலுக்குப் பிறகு, சம்பந்தமே இல்லாத ரஸ்தாக்களையும் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள், சடைகளை வெட்டினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1966 ஏப்ரல் 21 அன்று, பெயருக்கு உரியவரே கிங்ஸ்டனுக்கு வந்தார். பெருங்கூட்டம் காவலை உடைத்து விமானத்தைச் சூழ்ந்துகொண்டதால் அவரால் இறங்க முடியவில்லை. ரஸ்தா மூத்தவர் மார்டிமர் பிளானோதான் விமானப் படியேறிப் பேரரசரைச் சந்தித்து, பிறகு கூட்டத்தை விலகச் சொல்லி வழி ஏற்படுத்தினார். 1963-இன் கொடுமைக்கு ஜமைக்கா அரசு மன்னிப்புக் கேட்க 2017 வரை ஆனது.

பழைய பெயர் மட்டுமல்ல, அரசர் ஏற்ற அரியணைப் பெயரின் ஒரு பகுதியும் ஒரு ரஸ்தாவிடம் வந்து சேர்ந்தது. 1980 நவம்பரில், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், பாப் மார்லி எத்தியோப்பியத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். அங்கே அவருக்குச் சூட்டிய பெயர் பெர்ஹானே செலாசி, 'திரித்துவத்தின் ஒளி'.

ஆங்கிலத்தைப் பார்த்து நாமும் 'ரஸ்தஃபாரியனிசம்' என்று எழுதிவிடுகிறோம். 'இசம்' என்ற ஒட்டை அந்த மக்கள் ஏற்பதில்லை. தங்கள் வாழ்வுநெறியைக் கொள்கைகளின் பட்டியலில் சேர்ப்பதாக அதை வெறுக்கிறார்கள். தமிழில் எழுதுபவர்கள் ரஸ்தஃபாரி என்று மட்டும் எழுதுங்கள்.