வனச் சான்றளிப்பு (இலங்கை)

ஒரு காடோ மரத்தோட்டமோ நெடுங்காலம் நிலைக்கும் வகையில் பராமரிக்கப்படுகிறதா என்பதை, உரிமையாளர் சாராத மூன்றாம் தரப்பு ஆராய்ந்து உறுதிப்படுத்தும் முறையே வனச் சான்றளிப்பு. விரும்பியவர் செலவு செய்து பெறுவது இது, சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. மரக்காலைக்கு மரம் ஏற்றிவரும் லொறியில் இருக்கவேண்டிய அனுமதிப்பத்திரம் வேறு. அது மரம் களவானதல்ல என்பதற்கு மட்டுமே அத்தாட்சி.

தோற்றம்: 1980களில் மழைக்காடுகளின் அழிவு கண்டு, வெப்பமண்டல மரங்களை வாங்கக்கூடாது என்ற இயக்கம் மேலைநாடுகளில் பரவியது. மரம் விலைபோகாவிட்டால் காட்டை அழித்துப் பயிரிடுவதே இலாபமாகிவிடும் என்ற மறுப்பும் எழுந்தது. மறுத்தவர்கள் சொன்னதில் நியாயமுண்டு. நல்ல மரத்தை அடையாளங்காட்டி விற்கும் யோசனை இங்கிருந்தே பிறந்தது. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் 1989இல் தொடங்கிய ஸ்மார்ட்வுட் திட்டம், 1990இல் ஜாவாத் தீவின் அரச தேக்கந்தோட்டங்களுக்குச் சான்று வழங்கியது. 1992 ரியோ மாநாட்டில் அரசுகள் காடுகள் பற்றிக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை எதையும் எட்டவில்லை. மறு ஆண்டே டொரொன்டோவில், வனச் சான்றளிப்புக்கு விதி வகுக்கும் எஃப்.எஸ்.சி. அமைப்பு உருவானது. சூழல், சமூகம், பொருளாதாரம் என்ற மூன்று அவைகளுக்கும் அதில் சம வாக்குண்டு. மெக்சிகோவின் ஒஹாக்காவில் இருந்த தலைமையகம் 2003இல் ஜேர்மனியின் பொன் நகருக்குச் சென்றது. ஐரோப்பியச் சிறு வனவுடைமையாளர்கள் 1999இல் பி.இ.எஃப்.சி. என்ற போட்டி அமைப்பைத் தொடங்கினர்.

இலங்கையில்: உரித்து நிறுவ முடியாத காட்டையெல்லாம் 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் முடிக்குரியதாக்கியது. காடுகள் கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் இறப்பருக்கும் பலியாயின. பழியோ சேனை வெட்டிய ஏழைகள்மேல் விழுந்தது. 1885இலும் 1907இலும் வனச் சட்டங்கள் வந்தன. இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பது 1990இல் நிறுத்தப்பட்டதால், அங்கு சான்றளிக்க மரமே வெளிவருவதில்லை. ஆகவே சான்று போய்ச் சேர்ந்த இடம் இறப்பர்த் தோட்டம். கையுறைக்கும் மெத்தைக்கும் இறப்பர்ப்பால் வாங்கும் வெளிநாட்டவர் சான்றைக் கேட்கிறார்கள். 1994 நவம்பருக்குப் பின் இயற்கைக் காட்டை அழித்த தோட்டத்துக்குச் சான்றில்லை என்பதே எஃப்.எஸ்.சி.யின் தொடக்க விதி. ஆங்கிலேயர் காலத்திலேயே காட்டை அழித்து உருவாக்கிய தோட்டங்களுக்கு அது தடையாகவில்லை.

அம்பாறை மாவட்டம்: 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பெருங்காட்டை வயலாக்கியது. எஞ்சியதில் லாகுகலை 1980இல் தேசியப் பூங்காவானது. அக்கரைப்பற்று, ஆலையடிவேம்புப் பக்கத்தில் தளபாடத்துக்குத் தேக்கு வாங்குபவர் வைரத்தையும் விலையையும் பார்க்கிறார், சான்று கேட்பதில்லை.

தற்போது: சான்று ஐந்தாண்டுக்குச் செல்லும், ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. அயல்நாடான இந்தியாவின் மத்திய அரசு 2023 டிசம்பரில் தனக்கென ஒரு சான்றளிப்புத் திட்டத்தைத் தொடங்கியது.