பெல்ட் நுனியும் ஒரு மெழுகுவர்த்தியும்

போன வாரம் முதுகுப்பையோட வார் ரொம்ப நீளமா தொங்குதேன்னு கத்தரிக்கோலால வெட்டிட்டேன். ரெண்டே நாள்ல நுனி பிரிஞ்சு நூல் நூலா வந்துடுச்சு. அறைத்தோழன் ஒண்ணும் பேசாம லைட்டரை எடுத்து நுனியில காட்டினான். உருகி ஒட்டிக்கிச்சு. எனக்கோ பழைய அவமானம் ஒண்ணு ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூட அணிவகுப்புக்குக் கொடுத்த காக்கி பெல்ட் என் இடுப்பை ஒண்ணரை சுத்து சுத்தும். வெட்டினேன், பிரிஞ்சது. மெழுகுவர்த்தியில காட்டினேன். உருகலை, எரிஞ்சது! கருகின நுனியோட நின்னதுக்கு மைதானத்தை அஞ்சு சுத்து ஓடினேன். அதே நெருப்பு, ஏன் வேற முடிவு?

நெசவுல பாவு நீளவாக்குல ஓடும். ஊடை குறுக்கே போய், ஓரத்துல திரும்பி வரும். அதனால பக்கவாட்டுக் கரை பிரியாது. வெட்டின நுனியிலதான் பாவு நூலைப் பிடிச்சுக்க ஆளில்லை. அம்மா புடவை முந்தானையில முடிச்சுப் போட்டுக் குஞ்சம் கட்டறது இதுக்குத்தான். ஆனா குஞ்சம் கட்டின பெல்ட் பக்கிளுக்குள்ள நுழையுமா? :-)

பட்டாளத்துக்கும் இதே தலைவலி. போயர் போர்ல (1899-1902) தோல் வார்கள் நனைஞ்சா இழுபட்டு, காய்ஞ்சா வெடிச்சதுல பிரிட்டிஷ் ராணுவம் நொந்துபோச்சு. 1908ல பருத்தியில கெட்டியா நெய்த வார்களுக்கு மாறினாங்க. ஆன்சன் மில்ஸ்ங்கற அமெரிக்க ராணுவ அதிகாரி கண்டுபிடிச்ச நெசவு முறை அது. நுனி பிரியாம இருக்க பித்தளைத் தகட்டை மடக்கி நசுக்கி மாட்டினாங்க. நான் வெட்டி எறிஞ்ச துண்டுல பளபளன்னு இருந்தது அதேதான்!

நெருப்பு வைத்தியம் வந்தது நைலானாலதான். டூபான்ட் கம்பெனியில வாலஸ் கரோதர்ஸ் 1935ல அதை உருவாக்கினார். சுமார் 260 டிகிரி செல்சியஸ்ல உருகும், ஆறினா இறுகும். 1938ல உலகத்துக்கு அறிவிச்சப்போ அவர் உயிரோட இல்லை. முந்தின வருஷமே தற்கொலை செஞ்சுக்கிட்டார். வியட்நாம் காட்டுல பருத்தி வார்கள் தண்ணி குடிச்சுக் கனத்து மக்கிப்போக, 1960கள் கடைசியில அமெரிக்க ராணுவம் நைலான் வார்களுக்கு மாற ஆரம்பிச்சது.

பருத்தி உருகாது, எரியும். தப்பு மெழுகுவர்த்தி மேல இல்லை, நூல் எதுன்னு பார்க்காத என் மேலதான். அதனால மக்களே, ஒரே ஒரு நூலை உருவி எரிச்சுப் பாருங்க. உருகி மணி மாதிரி உருண்டா செயற்கை நூல், நுனியை நெருப்புல காட்டலாம். சாம்பலானா பருத்தி, மடிச்சுத் தைச்சுடுங்க. பித்தளை நுனி இருந்தா அதை மட்டும் வெட்டிடாதீங்க!