முதுமை பூசியதும் முதுமை துடைத்ததும்

ஒரே மேசையில் இரண்டு கைக்கடிகாரங்களை வைத்துக்கொள்வோம். ஒன்று, சீக்கோ நிறுவனம் 1965இல் வெளியிட்ட ஜப்பானின் முதல் டைவர் வாட்ச் சாயலில், உதிரிகளை வாங்கி ஒருவர் தாமே பூட்டியது. உள்ளே ஓடுவது என்ஹெச்35 மெஷின். மற்றது, 1976 முதல் 1988 வரை அதே நிறுவனம் செய்துவந்த 6309-7040. பருத்து உருண்ட கேஸைப் பார்த்துச் சேகரிப்பாளர்கள் ஆமை என்று செல்லப்பெயர் இட்டது. பல வருடம் ஏதோ ஒரு மேசை இழுப்பறையில் கிடந்ததை எடுத்து, பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு ஓடவைத்திருக்கிறார்கள்.

முதல் பார்வையிலேயே ஒரு வேடிக்கை தெரியும். புதியது காட்டும் முகம் 1965ஐச் சேர்ந்தது. பழையது பிறந்ததே அதற்குப் பத்தாண்டுக்கு மேல் பிந்தி. போன மாதம் பூட்டியதுதான் இருவரில் மூத்தவர்போல் உட்கார்ந்திருக்கிறது.

பூட்டுபவரின் வேலை விருப்பத்தில் தொடங்குகிறது. எந்த கேஸ், எந்த டயல், எந்த முள் என்று எல்லாம் அவர் கையில். ஆனால் உதிரிகள் வந்து சேர்ந்ததும் அந்தச் சுதந்திரம் சுருங்கிவிடும். டயலுக்கு அடியில் உள்ள இரண்டு சிறு கால்கள், கேஸின் பக்கவாட்டுத் திருகான கிரவுன் 3 மணிக்கு நேரே இருக்கிறதா 4 மணிப் பக்கம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து இடம் மாறும். கிரவுனைத் தாங்கும் ஸ்டெம் நீளமாகவே வரும். வெட்டி, அரத்தால் தேய்த்து, போட்டுப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். ஒரு தேய்ப்பு கூடிவிட்டால் புது ஸ்டெம்தான். மணி முள்ளின் துளை 1.5 மில்லிமீட்டர், நிமிட முள்ளுக்கு 0.9, விநாடி முள்ளுக்கு 0.2. தேதி மாறும் கணத்தைப் பிடித்து முட்களைப் பன்னிரண்டில் அமர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பத்தரை மணிக்கே மறுநாள் பிறந்துவிடும்.

மீட்பவரின் வேலையோ கட்டுப்பாட்டில் தொடங்குகிறது. கேஸ், டயல், முள் என எதுவும் அவர் தேர்ந்ததல்ல. பின்மூடியைத் திருகித் திறந்தால் ரப்பர் வளையம் கல்லாய் இறுகியிருக்கும், அல்லது தார்போல் உருகி ஒட்டியிருக்கும். எண்ணெய் காய்ந்து மெழுகாகியிருக்கும். மெயின்ஸ்பிரிங்கில் மிச்சமிருக்கும் விசையை முதலில் மெல்ல விடுவித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். எங்கே எவ்வளவு எண்ணெய் என்பதைவிட எங்கே கூடாது என்பதில்தான் தேர்ச்சி இருக்கிறது: பேலட் ஃபோர்க்கின் அச்சுமுனைகளில் ஒரு துளி பட்டாலும் ஓட்டம் தளரும். அவருக்குச் சுதந்திரம் வருவது கடைசியில். கேஸின் கீறல்களைப் பாலிஷ் போட்டு நீக்குவதா, விடுவதா? பாலிஷ் போட்டால் தொழிற்சாலை இட்ட கூர்விளிம்புகள் மழுங்கிப்போகும், போனது திரும்பாது. பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே நல்ல முடிவு என்பது என் எண்ணம்.

இப்படி எதிர்த்திசையில் நடக்கும் இரண்டும் மெஷினுக்குள் சந்தித்துக்கொள்கின்றன. இரண்டும் மணிக்கு 21,600 துடிப்பு, விநாடிக்கு ஆறு. பழையதில் 17 கல், புதியதில் 24. பழையதைக் கிரவுனால் சாவி கொடுத்து முடுக்க முடியாது, குலுக்கித்தான் எழுப்ப வேண்டும். கிரவுனை இழுத்தாலும் விநாடி முள் நிற்காது. புதியதில் இரண்டும் முடியும். ஆனால் கை அசையும்போது சுழலும் எடையின் விசையை ஸ்பிரிங்குக்குக் கடத்தும் ஏற்பாடு இரண்டிலும் ஒன்றே: 1959இல் சீக்கோ கொண்டுவந்த மேஜிக் லீவர். இரு கரம் கொண்ட சிறு தகடு. எடை எந்தப் பக்கம் சுழன்றாலும் ஒரு கரம் பற்சக்கரத்தை இழுக்கும், மறுகரம் தள்ளும். போலி வயது பூண்ட கடிகாரத்துக்குள் இந்த ஓர் உறுப்பின் வம்சம் மட்டும் உண்மையிலேயே பழையது.

இதைவிட வியப்பான உறவு லூமில் இருக்கிறது, அதாவது இருட்டில் ஒளிரும் பூச்சில். பழைய டைவர் கடிகாரங்களில் வெண்மையாகவோ இளம்பச்சையாகவோ இருந்த பூச்சு, வருடங்கள் போகப்போக மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்துவிடும். பூட்டுபவர் அந்த நிறத்தைத்தான் தேடி வாங்குகிறார். 'ஓல்டு ரேடியம்' என்ற பெயரிலேயே ஒரு சாயல் விற்கிறது. அதில் ரேடியம் இல்லை, ஸ்ட்ரோன்ஷியம் அலுமினேட்தான். ஒருநாள்கூட வெயில் காணாத டயலுக்கு ஐம்பது வருட வெயில் பூசப்படுகிறது. சிரிக்கத் தோன்றும். சிரித்த வாயோடு மீட்பவரின் மேசைக்கு வந்து பாருங்கள். முள்ளில் இருந்த பழைய லூம் உதிர்ந்துவிட்டது. புதிதாக இட வேண்டும். பளிச்சென்று வெள்ளையாய் இட்டால், மங்கி மஞ்சளித்த டயலின் மேல் அது பொய்ப்பல்போல் துருத்தும். ஆகவே அவரும் புதுப்பூச்சில் பழுப்பு நிறமியைக் கலக்கிறார். ஏளனம் செய்ய நினைத்தவரும் செய்யப்பட்டவரும் ஒரே கிண்ணத்தில் குச்சி விடுகிறார்கள்.

அசல் என்ற சொல்லும் இங்கே கொஞ்சம் தடுமாறுகிறது. 6309க்குப் புது டயல், புது பெசல் வளையம், புது முள் எல்லாம் வெளியார் செய்து விற்கிறார்கள். அவற்றைப் பூட்டி, மீட்டது என்ற பெயரில் விலைபோகும் கடிகாரங்களில் கேஸும் மெஷினும் தவிர சீக்கோவின் கை பட்டது எதுவுமில்லை. அப்படிப்பட்டதைவிட, தன்னைப் புதிது என்று ஒப்புக்கொள்ளும் கூட்டுக் கடிகாரமே நேர்மையானது.

தண்ணீரின் முன் இரண்டும் ஒரே வகுப்பு. பழையதன் டயலில் 150 மீட்டர் என்று இருக்கும். புது கேஸ் 200 மீட்டர் என்று விற்கப்பட்டிருக்கும். முன்னது தொழிற்சாலையில் உண்மையாய் இருந்தது, பின்னது விற்பவர் சொன்னது. இன்று இரண்டுமே அழுத்தச் சோதனை முடியும்வரை வெறும் எழுத்து. வளையங்களுக்கு சிலிக்கோன் கிரீஸ் தடவி, சோதனைக் கருவியில் வைத்து, பிறகு கடிகாரத்தை இளஞ்சூடாக்கிக் கண்ணாடிமேல் ஒரு குளிர்ந்த நீர்த்துளி விட வேண்டும். உள்ளே ஆவி படர்ந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. எத்தனை வயதானாலும் ஆவி ஒரே மாதிரிதான் படரும்.

கடைசியாக இரண்டின் பின்மூடியையும் திருப்புவோம். 6309இன் மூடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். 7 என்றிருந்தால் 1977ஆ 1987ஆ என்பதை மற்ற அடையாளங்களை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் சிலசமயம் ஊசிமுனையால் கீறிய நுண்ணெழுத்துகள் இருக்கும்: முன்பு சர்வீஸ் செய்த யாரோ இட்ட தேதியும் குறியும். புதியதன் உட்புறம் வழுவழுப்பாய் இருக்கிறது. அதில் கீறல் விழுமா என்பதும் ஐயமே. என்ஹெச்35ஐப் பிரித்துக் கழுவி எண்ணெயிடும் கூலிக்குள் முழு மெஷினே புதிதாக வந்துவிடுவதால், ஓட்டம் தளரும் நாளில் பழுதுபார்ப்பவர் அதை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்து மூடிவிடுவார்.