வேலைநிறுத்தமும் மாற்றாட்களும்: மட்டக்களப்பு வாவிக் கரையிலிருந்து தொழிற்சங்க ஒருமைப்பாடு குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரை

வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளியின் கையில் இருப்பது ஒரே ஆயுதம்: தன் உழைப்பைத் தராமல் நிறுத்திவைப்பது. அதே உழைப்பை மறுநாளே வேறு ஆட்களிடம் நிர்வாகம் வாங்கிக்கொள்ள முடிந்தால் அந்த ஆயுதம் மழுங்கிவிடுகிறது. அதனால்தான் தொழிற்சங்க வரலாறு எங்கும் மாற்றாட்கள் மீதான கசப்பு நிறைந்திருக்கிறது. நமது சங்க மேடைகளில் அவர்களுக்குக் கிடைக்கும் பெயர் கருங்காலி.

அந்தக் கோபத்தின் நியாயத்தை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் கோபம் மட்டும் எதையும் விளக்கிவிடாது. மாற்றாள் எந்த ஊரிலிருந்து வருகிறார், எந்த நெருக்கடி அவரைக் கொண்டுவருகிறது, சங்கம் அவரை முன்பே ஏன் தேடிப் போகவில்லை என்பவற்றுக்கு விடை காணாமல் ஒருமைப்பாட்டைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பிரதேசம் இக்கேள்விகளுக்குத் தனி அழுத்தம் தருகிறது. இங்கே நிலையான வருமானமற்றோர் பலர். தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் அடுத்தடுத்து இருந்தும் தனித்தனியே வாழ்கின்றன. தொழிற்சட்டமோ மாற்றாட்கள் விடயத்தில் முதலாளிக்கு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் ஒரு சம்பளப் பிணக்கை இனப்பிணக்காகத் திருப்பிவிடுவது எளிது. வேலைநிறுத்தத்துக்கு வெகுகாலம் முன்பே நிரந்தரமற்ற அமைய ஊழியர்களையும் அயலூர்த் தொழிலாளர்களையும் உறுப்பினராக்கிக்கொண்ட சங்கமே அதைத் தடுக்க வல்லது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. மூன்று வேலைநிறுத்தங்கள்

இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் முதல் பெருந்தலைவர் ஏ. ஈ. குணசிங்க. 1920களில் கொழும்பில் சிங்களவர், தமிழர், மலையாளிகள், முஸ்லிம்கள் என எல்லோரையும் ஒரே சங்கத்தில் திரட்டியவர். 1923இன் பொது வேலைநிறுத்தத்தை நடத்தியவர். 1929இல் முதலாளிமார் சம்மேளனத்துடன் கூட்டு ஒப்பந்தம் செய்தவர். உலகப் பொருளாதார மந்தம் வேலைகளைப் பறித்தபோது, அதே தலைவர் மலையாளித் தொழிலாளருக்கு எதிரான பிரசாரத்தில் இறங்கினார். 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. வெளியேறியவர்களில் மலையாளிகள் பெரும்பகுதியினர். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இடதுசாரி வாலிபர் கழகத்தினர் அவர்கள் பக்கம் நின்றனர். குணசிங்கவோ அந்த வேலைநிறுத்தத்தை எதிர்த்து, சிங்களத் தொழிலாளரை மாற்றாட்களாக உள்ளே அனுப்புவதற்குத் துணைநின்றார். ஒரு தொழிற்சங்கமே, இனத்தைக் காரணமாக்கி, மற்றொரு சங்கத்தின் வேலைநிறுத்தத்தை உடைக்க முயன்ற நிகழ்வு இது. சங்கம் என்ற பெயர் மட்டும் ஒருமைப்பாட்டுக்கு உத்தரவாதமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது நிகழ்வு 1947இல். அரசாங்க எழுதுவினைஞர்களும் ஏனைய தொழிலாளர்களும் தொழிற்சங்க உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். ஜூன் 5ஆம் திகதி கொழும்பில் ஊர்வலத்தின் மீது பொலிசார் சுட்டதில் வே. கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர் உயிரிழந்தார். எழுதுவினைஞர் சங்கத் தலைவர் டி. பி. இலங்கரத்ன வேலையிழந்தார். பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது அந்த வேலைநிறுத்தச் சூழலில்தான். பின்னாளில் வடக்கு கிழக்கு மக்கள் அவசரகால ஆட்சி என்று அனுபவித்த அனைத்துக்கும் அடித்தளமான சட்டம் அது. தொழிலாளரை அடக்க இயற்றப்பட்ட ஒன்று தமிழரை அடக்கவும் பயன்பட்டது. தொழிலாளர் உரிமையையும் சிறுபான்மையினர் உரிமையையும் இருவேறு விடயங்களாகக் கருதும் வழக்கத்தை இவ்வரலாறு மறுக்கிறது.

மூன்றாவது 1980 ஜூலை. திறந்த பொருளாதாரத்தின் விலையேற்றத்துக்கு ஈடாக 300 ரூபா சம்பள உயர்வு கேட்டுப் பொது வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அரசு முன்பே ஆயத்தமாக இருந்தது. அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம் 1979இலேயே நிறைவேறியிருந்தது; இப்போது அவசரகால நிலையும் பிரகடனமாகியது. வேலைக்கு வராதோர் பதவியைக் கைவிட்டவர்களாகக் கருதப்பட்டனர். 40,000க்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். ஆளுங்கட்சியின் தொழிற்சங்கமான ஜாதிக சேவக சங்கமய வேலைநிறுத்தத்தை முறியடிப்பதில் முன்னின்றது. மலையகத் தோட்டத் தொழிலாளரின் சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் எஸ். தொண்டமான் அமைச்சரவையில் இருந்தார். அச்சங்கம் போராட்டத்தில் சேரவில்லை. மலையகத்தின் மாபெரும் உழைப்புப்படை ஒதுங்கி நிற்க, நகரத் தொழிலாளர் தனித்துவிடப்பட்டனர்.

1933இலும் 1980இலும் வெளிப்பட்ட பிளவு வேலைநிறுத்த நாளில் உண்டானதன்று. இனம், கட்சி, தொழிற்றுறை என்ற கோடுகள் முன்பே கிழிக்கப்பட்டிருந்தன. ஆட்சியும் முதலாளிகளும் அக்கோடுகளைப் பயன்படுத்திக்கொண்டனர்.

3. வாவிக் கரையின் நிலைமை

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரையின் ஒடுங்கிய நிலத்தில் தமிழ் ஊரான ஆரையம்பதியும் முஸ்லிம் ஊரான காத்தான்குடியும் எல்லைச் சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. வடக்கே ஏறாவூரும் செங்கலடியும், வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் அப்படியே. படுவான்கரையில் வயல்களே வாழ்வு. நிலவுடைமையாளரான போடியாருக்கும் வயலில் உழைக்கும் வயற்காரருக்கும் இடையிலான பழைய உறவு தளர்ந்து, அறுவடை இயந்திரம் வந்தபின், வெட்டுக் காலத்துக் கூலிவேலையும் சுருங்கிவிட்டது. 2016ஆம் ஆண்டு அரசின் கணக்கெடுப்பின்படி நாட்டின் வறுமை வீதம் 4.1 சதவீதம், மட்டக்களப்பு மாவட்டத்தில் அது 11.3 சதவீதம். மாற்றாட்களின் சேமிப்புக் களம் இப்படித்தான் உருவாகிறது. இங்கிருந்து ஒருவர் நாட்கூலிக்குப் போவது பேராசையால் அல்ல, அன்றைய அடுப்பு எரிய வேண்டும் என்பதால்.

இந்நிலைமைக்கு மாறான ஓர் அனுபவமும் இப்பிரதேசத்துக்கு உண்டு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது திட்டமிடப்பட்டு, 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தியைத் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலையே அது. வயல்களின் வைக்கோலே அதன் முதன்மை மூலப்பொருள். ஆகவே ஆலையின் வாழ்வும் விவசாயியின் வாழ்வும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே முறைமாற்றில் வேலை செய்தனர். நிரந்தர வேலை, ஊழியர் சேமலாப நிதி, பொதுவான மேலாளர், பொதுவான குறைபாடுகள் என்பன சேர்ந்தால் சங்கம் இனங்கடந்து வளர்வதற்கு நிலம் கிடைக்கிறது. போரும் நிர்வாகச் சீர்கேடும் அந்த ஆலையை நலிவுறச் செய்தபோது மாவட்டம் வேலைகளோடு அந்தப் பொதுத்தளத்தையும் இழந்தது. 1956 ஜூனில் கல்லோயாவில் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்முறையும், 1990இல் தமிழரும் முஸ்லிம்களும் சந்தித்த கொலைகளும் இடப்பெயர்வுகளும் ஊர்களுக்கிடையே விட்டுச்சென்ற அச்சத்தை ஆற்றக்கூடிய இடங்கள் குறைந்துபோயின.

போருக்குப் பின் வந்தது மேன்பவர் முறை. முகவர் ஒருவர் ஆட்களைச் சேர்த்துத் தொழிலகத்துக்கு அனுப்புவார். சம்பளம் அவர் கையால் வரும். தொழிலகமோ அவர்கள் தன் ஊழியரில்லை என்று சொல்லிவிடும். கட்டுநாயக்க, பியகம சுதந்திர வர்த்தக வலயங்களுக்கு வடக்கு கிழக்கிலிருந்து இளைஞரும் யுவதிகளும் இவ்வழியில் சென்றுள்ளனர். மொழி தெரியாத ஊரில், விடுதி அறையில் தங்கி, நாட்சம்பளத்துக்கு உழைக்கும் ஒரு மட்டக்களப்பு யுவதிக்கு அங்குள்ள சங்கத்தின் துண்டுப்பிரசுரம் சிங்களத்தில் மட்டும் கிடைக்குமானால், வேலைநிறுத்தம் வரும் நாளில் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை.

இதே நிலை வாவிக் கரையிலும் வரக்கூடும். ஓர் ஊரின் தொழிலகத்தில் பிணக்கு என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் நிர்வாகம் அடுத்த ஊருக்கு ஒரு பேருந்தை அனுப்புகிறது. வந்திறங்குபவர்கள் வேறு இனத்தவர். வாசலில் எழும் வாக்குவாதம் மாலைக்குள் சம்பளத்தை மறந்து, "அவர்கள் எங்கள் வேலையைப் பறித்துவிட்டார்கள்" என்ற பேச்சாக இரு ஊர்களிலும் பரவும். அதற்குப் பின் நிர்வாகம் எதையும் செய்யத் தேவையில்லை. 1933இன் வெள்ளவத்தை மீண்டும் நிகழ்வதற்கு இவ்வளவே போதும்.

4. சட்டத்தில் உள்ள வெளி

தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டிலிருந்து சங்கம் அமைக்க வழிசெய்கிறது. 7 பேர் போதும். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை சங்கத்தில் சேரும் சுதந்திரத்தை அடிப்படை உரிமையாக்குகிறது. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குச் சட்டம் 1999இல் திருத்தப்பட்டபோது நியாயமற்ற தொழில் நடைமுறைகள் பட்டியலிடப்பட்டன. சங்க உறுப்புரிமைக்காக வேலைநீக்கம் செய்வதும், ஊழியரில் 40 சதவீதத்துக்குக் குறையாதோரைக் கொண்ட சங்கத்துடன் பேச மறுப்பதும் அப்பட்டியலில் உண்டு. வேலைநிறுத்தத்தின்போது புதியவர்களைச் சேர்ப்பது அதில் இல்லை.

இந்தியாவின் 1947ஆம் ஆண்டு கைத்தொழில் தகராறுகள் சட்டம், 1980களில் சேர்க்கப்பட்ட ஐந்தாம் அட்டவணையின் மூலம், சட்டவிரோதமல்லாத வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளரைச் சேர்ப்பதை முதலாளியின் நியாயமற்ற நடைமுறையாக அறிவித்தது. இலங்கைச் சட்டவாக்குநர் 1999இல் அதைப் பார்த்தெழுதியிருக்கலாம்; எழுதவில்லை.

இடைவெளி அத்தோடு முடியவில்லை. 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டம் வேலைநீக்கத்துக்கு எதிரான வலிய கேடயம். ஆனால் 15 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கும், 12 மாதங்களில் 180 நாட்கள் வேலை செய்யாதவருக்கும் அது பொருந்தாது. அமைய ஊழியரை அந்த எல்லைக்குள்ளேயே சுழற்றி எடுக்கும் முதலாளி, பாதுகாப்பற்ற ஒரு படையைத் தொழிலகத்துக்குள்ளேயே வளர்க்கிறார். பிணக்கு நாளில் வெளியிலிருந்து ஆள் தேட வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

உலகச் சட்டங்கள் இரு திசைகளில் செல்கின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1938இன் மக்கே ரேடியோ வழக்கில் பொருளாதார வேலைநிறுத்தக்காரரின் இடத்தை நிரந்தரமாக நிரப்ப அனுமதித்தது. 1981இல் ஜனாதிபதி ரேகன் வேலைநிறுத்தம் செய்த 11,000க்கு மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை நீக்கினார். கியூபெக் 1970களின் இறுதியிலேயே மாற்றாட்களைத் தடைசெய்தது. கனடாவின் கூட்டாட்சித் துறைகளில் அத்தடை 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவில் முகவர்கள் வேலைநிறுத்தக்காரருக்குப் பதிலாக ஆட்களை அனுப்புவதற்கிருந்த தடையை அரசு 2022இல் நீக்கியது. 2023இல் உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தை இரத்துச் செய்தது. மேன்பவர் முறையில் சிக்கிய இலங்கைக்கு இந்தத் தீர்ப்பே மிக நெருக்கமான வழிகாட்டி.

5. எதிர்வாதங்கள்

வேலையற்றவருக்கும் வேலை செய்யும் உரிமை உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் மாற்றாளாகப் போகிறவருக்குக் கிடைப்பது பிணக்கு முடியும்வரை நீடிக்கும் கூலி மட்டுமே. வேலைநிறுத்தம் தோற்றால் குறையும் சம்பளம் நாளை அவருக்கும் குறையும். அவருடைய நீண்டகால நலன் சங்கத்தின் பக்கமே இருக்கிறது. சங்கம் அதை அவருக்குக் காட்டத் தவறினால் குற்றம் சங்கத்துடையது.

மருத்துவமனையில் வேலை நின்றால் ஏழை நோயாளியே துன்பப்படுகிறார் என்பது கனமான வாதம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையை விட்டால் வேறு கதியற்ற படுவான்கரைக் குடும்பங்களை எண்ணினால் இதை ஒதுக்கிவிட முடியாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் நிலைப்பாடு இங்கே பொருத்தமானது: நின்றுபோனால் உயிருக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து விளையும் சேவைகளில் மட்டும் கட்டுப்பாடு ஏற்கத்தக்கது, மற்றத் துறைகளில் வேலைநிறுத்தத்தை உடைக்க ஆள் எடுப்பது சங்கச் சுதந்திரத்தின் பாரதூரமான மீறல். தபாலையும் ரயிலையும் வர்த்தமானியில் அத்தியாவசியமாக்கும் வழக்கம் இந்த எல்லையைத் தாண்டுகிறது. சங்கச் சுதந்திரம் பற்றி அவ்வமைப்பு இயற்றி இலங்கை 1995இல் ஏற்றுக்கொண்ட 87ஆம் இலக்கச் சமவாயத்தின் உட்கருத்துக்கு அது முரண்.

6. முடிவுரை

சட்டத்தில் மூன்று மாற்றங்கள் தேவை. வேலைநிறுத்தத்தின்போது மாற்றாட்களைச் சேர்ப்பது நியாயமற்ற தொழில் நடைமுறைகளின் பட்டியலில் இடம்பெற வேண்டும். மேன்பவர் முகவர்கள் பதிவுசெய்யப்பட்டு, பிணக்குள்ள தொழிலகத்துக்கு ஆள் அனுப்புவது தடைசெய்யப்பட வேண்டும். அத்தியாவசிய சேவை என்பதன் வரையறை உயிர்காக்கும் சேவைகளுக்குள் ஒடுங்க வேண்டும்.

சட்டம் வரும்வரை சங்கங்கள் காத்திருக்கத் தேவையில்லை. அமைய ஊழியரையும் மேன்பவர் ஊழியரையும் முழு உறுப்பினராக்கலாம். அவர்களை நிரந்தரமாக்குவதைக் கோரிக்கைகளின் முதலிடத்தில் வைக்கலாம். சங்கத்தின் ஒவ்வோர் எழுத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடலாம். வேலைநிறுத்தத்துக்கு முன்பாக அயலூரின் மீனவர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றின் பெரியவர்களிடம் போய்ப் பிணக்கை விளக்கலாம். ஏறாவூரின் தொழிலாளிக்கும் செங்கலடியின் தொழிலாளிக்கும் ஒரே உறுப்புரிமை அட்டை இருக்குமானால், நிர்வாகம் அனுப்பும் பேருந்தில் ஏற ஆளிருக்காது. அந்த அட்டையைக் கொடுக்கும் வேலையைத் தொழிற்சங்கங்கள் அடுத்த பிணக்கு வெடிக்கும்வரை தள்ளிப்போடாமல் இன்றே தொடங்க வேண்டும்.