கப்பல் நின்றால் உலை கொதிக்குமா?

யுத்தக் கதை என்றால் பீரங்கி, விமானம் என்றுதான் கேட்டிருக்கிறோம். அந்த நாளில் பாடுபடுகிற ஜனங்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படிப் பிழைத்தார்கள்? இன்றைக்கு அதைப் பார்ப்போம். இடம் மலாயா, இப்போது மலேசியாவில் சேர்ந்திருக்கிற நாடு. ஜப்பான் பட்டாளம் 1941 டிசம்பர் 8-ம் தேதி அங்கே கரையிறங்கியது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைகிற வரை, மூன்றரை வருஷம் அவர்கள் கொடிதான் பறந்தது.

மலாயா நமக்கு அந்நியச் சீமை இல்லை. நம் ஜில்லாக்களிலிருந்து கங்காணி பின்னால் போய், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள் எத்தனையோ பேர். யுத்தம் வந்தபோது அங்கே சுமார் 7 லட்சம் இந்தியர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். ரப்பர் தோட்டத்து லயங்களில் குடியிருந்து பால்மரம் வெட்டியவர்கள் அதில் ஏராளம்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மழைக்குக் குறைவில்லாத பூமி அது. ஆனால் 30 லட்சம் ஏக்கருக்கு மேல் ரப்பர். சாப்பிடுகிற அரிசியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வரவேண்டும். ரப்பரை விற்று அரிசி வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. யுத்தம் வந்ததும் ரப்பர் வாங்கிய அமெரிக்காவும் இங்கிலாந்தும் எதிரி நாடாகிவிட்டன. அரிசிக் கப்பலும் குறைந்துபோச்சு. பால்மரத்தைக் கடித்தா தின்ன முடியும்? தோட்டத்தில் வேலையில்லை, கூலியில்லை. ஊருக்குக் கடிதமும் இல்லை, மணியார்டரும் இல்லை.

நெல் விளைகிற கெடா, பெர்லிஸ் பக்கமாவது கைகொடுத்ததா? நிர்வாகம் தான் வைத்த விலைக்கு நெல்லைக் கொடு என்றது. கொடுத்தால் கிடைப்பது வாழைமரப் படம் போட்ட நோட்டு. அதை வைத்துக்கொண்டு துணியும் வாங்க முடியாது, உப்பும் வாங்க முடியாது. அப்புறம் எந்த விவசாயி அதிகமாக விளைவிப்பான்? நெல் கள்ள மார்க்கெட்டுக்குப் போனது. 1943-ல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நாலையும் சயாமுக்கே கொடுத்துவிட்டார்கள். நோட்டோ வரிசை எண்கூட இல்லாமல் அச்சாகி வந்தது. 1945-ல் வெள்ளைக்காரன் திரும்பி வந்து அது செல்லாது என்றான். சேர்த்து வைத்தவன் கையில் வெறும் காகிதம்.

ஜனங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டது மரவள்ளிக் கிழங்கால். குச்சியை ஒடித்து நட்டால் போதும், சாரமில்லாத மண்ணிலும் வரும். கிழங்கை அவித்தார்கள், மாவாக்கினார்கள், இலையையும் கீரையாகச் சமைத்தார்கள். கேழ்வரகும் போட்டார்கள். ஆனால் கிழங்கு வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. அதில் மாவுச்சத்து உண்டு. புரதமும் வைட்டமினும் மிகக் குறைவு. கால் வீங்குகிற பெரிபெரி, ஆறாத புண், கூடவே மலேரியா. கொய்னா மாத்திரையும் கிடைக்கவில்லை. துணிக்குப் பதில் சாக்கைக் கட்டிக்கொண்டார்கள்.

இதைவிடப் பெரிய துயரம் சயாம் ரயில். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குக் கேட்டார்கள். வேலையில்லாமல் கிடந்தவர்கள் கூலியும் சோறும் கிடைக்கும் என்று நம்பிப் போனார்கள். நம்பாதவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காடு, மழை, காலரா, அரைவயிற்றுக் கஞ்சி. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஆசியக் கூலிகள் அங்கே உழைத்தார்கள். சுமார் 90,000 பேர் மாண்டார்கள் என்பது ஒரு மதிப்பீடு. அங்கே இறந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அதுகூட இல்லை. லயத்தில் காத்திருந்த பெண்டுபிள்ளைகள்தான் கிழங்குக் கொல்லையைக் கொத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள்.

கப்பல் நின்றது நம்மையும் தொட்டது. அதுவரை மலாயாப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி வரவில்லை. அதனால்தான் 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்றைக்கும் சேலம் ஜவ்வரிசிக்குப் பேர்போன ஊர்.

இதிலிருந்து நாம் என்ன எடுத்துக்கொள்வது? பணப்பயிர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணமும் வேண்டும்தானே! ஆனால் நிலம் முழுக்க ஒரே பயிர், அதை வாங்குகிறவன் கடலுக்கு அப்பால், உண்கிற சோறும் கடலுக்கு அப்பால் என்று இருந்தால், யாரோ போடுகிற சண்டையில் நம் அடுப்பு அணைந்துபோகும். கரும்போ பருத்தியோ எது போட்டாலும், வரப்போரம் நாலு துவரை, கொல்லையில் கொஞ்சம் கீரை, ஒரு துண்டு நிலத்தில் வீட்டுத் தேவைக்குக் கேழ்வரகு, குதிரில் அடுத்த போகத்துக்கு விதை இருக்கட்டும். கப்பலுக்குக் காத்திருந்து செத்தவர்களும் நம்மைப் போல மண்ணில் உழைத்தவர்கள்தான்.