அடையாற்றுப் பிள்ளைகள் வழக்கு

அன்னி பெசன்ட் அம்மையார் என்றதும் நம் பாடநூல்கள் தன்னாட்சி இயக்கத்தையும் 1917ஆம் ஆண்டுக் கல்கத்தா காங்கிரஸ் தலைமையையும் சொல்லி நிறுத்திக்கொள்ளும். பிள்ளை யாரிடம் வளர்வது என்ற கேள்விக்காக அவர் இருமுறை நீதிமன்றப் படியேறியதை அவை சொல்வதில்லை. முதல்முறை பெற்ற தாயாக, லண்டனில். இரண்டாம் முறை வளர்க்க வந்தவராக, சென்னையில்.

பாதிரியார் பிராங்க் பெசன்டை மணந்த அம்மையார், கிறித்தவ நம்பிக்கையை இழந்து 1873இல் கணவரைப் பிரிந்தார். பிரிவினைப் பத்திரத்தின்படி மகன் டிக்பி தந்தையிடமும் மகள் மேபல் தாயிடமும் இருந்தனர். 1877இல் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து கருத்தடை பற்றிய நூலொன்றை வெளியிட்டதற்காக அவர்மீது வழக்கு நடந்தது. அடுத்த ஆண்டே கணவர் மேபலைக் கேட்டு நீதிமன்றம் சென்றார். பெற்றோர் எழுதிக்கொள்ளும் இத்தகைய பத்திரங்களை 1873ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றிருந்தது. ஆனால் குழந்தையின் நன்மைக்கு மாறானதை நீதிமன்றம் நடைமுறைப்படுத்தாது என்றும் அதே சட்டம் கூறியது. நீதிபதி சர் ஜார்ஜ் ஜெசல் அந்த விதியைப் பற்றிக்கொண்டார். கடவுள் மறுப்பாளரிடம், அதுவும் அப்படியொரு நூலை வெளியிட்டவரிடம் வளர்வது பெண் குழந்தைக்கு நன்மையன்று என்று தீர்ப்பளித்து, 7 வயதுச் சிறுமியைத் தாயிடமிருந்து பிரித்தார். 1879இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது; பார்த்துவரும் உரிமை மட்டும் கிடைத்தது. பிள்ளைகள் இருவரும் வளர்ந்து உரிய வயது வந்ததும் தாயிடமே திரும்பினர் என்பது வேறு கதை.

முப்பது ஆண்டுகள் கழித்து அடையாற்றில் காட்சி மாறுகிறது. மதனப்பள்ளியைச் சேர்ந்த ஜிட்டு நாராயணய்யா வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பிரம்மஞான சபை உறுப்பினர். மனைவி சஞ்சீவம்மா 1905இல் இறந்துவிட்டார். 1909 தொடக்கத்தில் பிள்ளைகளோடு அடையாற்றுக்குக் குடிவந்து சபையில் வேலை பார்த்தார். அவ்வாண்டு, கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த மகன் கிருஷ்ணமூர்த்தியைச் சபையின் முக்கியஸ்தர் லெட்பீட்டர் கண்டு, வரப்போகும் உலக ஆசானுக்குரிய உடல் இதுவே என்று அறிவித்தார்.

பெரியபுராணம் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் நம்பி ஆரூரர் நினைவு வராமல் போகாது. திருநாவலூர்த் தெருவில் சிறுதேர் உருட்டிய குழந்தையை நரசிங்க முனையரையர் கண்டு, பெற்றோரிடம் கேட்டுப் பெற்றுத் தம் மகனாக வளர்த்தார். கொடுத்த சடையனார் பின்னர் மனம் மாறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று சேக்கிழாருக்கு எழுத நேரவில்லை. நாராயணய்யா மாறினார்.

1910 மார்ச் 6ஆம் நாள், கிருஷ்ணமூர்த்திக்கும் தம்பி நித்யானந்தாவுக்கும் அம்மையாரைப் பாதுகாவலராக்கிக் கையொப்பமிட்டுக் கொடுத்தவர் அவர்தாம். ஆனால் லெட்பீட்டரின் நடத்தை பற்றிய ஐயமும், மகனைத் தெய்வநிலைக்கு உயர்த்தும் ஆரவாரமும் அவரை வாட்டின. 1912இல் அம்மையார் பிள்ளைகளை மீண்டும் கடல் கடத்தி அழைத்துச் சென்றார். லெட்பீட்டரிடமிருந்து விலக்கி வைப்பதாக வாக்களித்திருந்தார் என்பது தந்தையின் கூற்று. பிள்ளைகளோ சிசிலியில் லெட்பீட்டருடனேயே சில மாதங்கள் தங்கினர். அவ்வாண்டு இறுதியில் தந்தை வழக்குத் தொடுத்தார்.

செங்கற்பட்டில் தொடங்கிய வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. அம்மையார் தமக்குத் தாமே வாதாடினார்; எதிர்த்தரப்பில் இளம் வழக்கறிஞர் சி.பி. இராமசாமி ஐயர். (சில ஆண்டுகளிலேயே இந்தச் சி.பி. தன்னாட்சி இயக்கத்தில் அம்மையாரின் வலக்கரம் போல் விளங்கினார். அரசியலின் விந்தை!) 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல், லெட்பீட்டர் மீதான கடுமையான குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்றார், ஆயினும் சிறுவர்களுக்கு ஆசிரியராயிருக்க அவர் தகுந்தவரல்லர் என்று கருதினார். பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்க ஆணை பிறந்தது. மேல்முறையீட்டிலும் அம்மையார் தோற்றார். அவர் விடவில்லை, லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றார். புதுச்சேரியில் இருந்த பாரதி, அம்மையாரை எள்ளிப் பொன்வால் நரியின் கதையை ஆங்கிலத்தில் எழுதியது 1914இல்தான்.

1914 மே மாதம் வந்த பிரிவி கவுன்சில் தீர்ப்பைப் பலரும் அம்மையாரின் வெற்றி என்றே எழுதுகிறார்கள். எனக்கு அது அத்தனை நேரான வெற்றியாகத் தோன்றவில்லை. பார்க்கர் பிரபு எழுதிய தீர்ப்பு, சட்டத்தின் மையக் கருத்தில் நாராயணய்யாவின் பக்கமே நின்றது. இந்துத் தந்தை இயற்கைப் பாதுகாவலர். அப்பொறுப்பு விற்கவோ கைமாற்றவோ கூடிய சொத்தன்று, நம்பி ஒப்படைக்கப்பட்ட கடமை. ஆகவே 1910ஆம் ஆண்டுக் கடிதம் தந்தையால் திரும்பப் பெறத்தக்கதே. ஆனால் அடுத்த படி முக்கியமானது. தந்தை கொடுத்த இசைவால் பிள்ளை வேறொரு சூழலில் வேரூன்றிவிட்டால், பிடுங்குவது அப்பிள்ளைக்கு நன்மைதானா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும். சென்னை வழக்கில் அதைப் பார்க்கவே வழியில்லாமல் போயிற்று. பிள்ளைகள் இங்கிலாந்தில் இருந்தனர். அவர்கள் வழக்கில் தரப்பினராகச் சேர்க்கப்படவில்லை. அவர்தம் விருப்பமும் அறியப்படவில்லை. 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டப்படி செல்லாமல் சாதாரண உரிமை வழக்காகத் தொடுத்ததே பிழை என்று வழக்கு தள்ளுபடியாயிற்று.

முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் எந்தச் சொல்லால் மேபலை இழந்தாரோ, அந்தக் 'குழந்தையின் நன்மை'யே இம்முறை அம்மையாருக்குக் கைகொடுத்தது. அச்சொல்லுக்குள் எதை வைப்பது என்பதை அந்தந்தக் காலத்து நீதிபதியே முடிவு செய்கிறார். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் சட்டம் அந்த நன்மையையே முதன்மைக் கருத்தாக எழுதிவைத்தது. எனினும் இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்றே வரிசைப்படுத்தியது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடர்ந்த வழக்கில் 1999இல் உச்சநீதிமன்றம், 'பின்' என்பதற்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளன்று, தந்தை பொறுப்பில் இல்லாதபோதும் என்று கொள்ளலாம் என்றது. ஒரு சொல்லுக்கு உரை காண்பதில் நச்சினார்க்கினியருக்கு நீதிபதிகள் குறைந்தவர்களல்லர்.

தீர்ப்பு வந்த காலத்தில் கிருஷ்ணமூர்த்திக்கு ஏறத்தாழ 19 வயது. தம்பிக்கு ஏறத்தாழ 16. தந்தைக்கு இன்னும் ஒரு வழி திறந்திருந்தது: இங்கிலாந்து நீதிமன்றத்தில் புதிதாக முறையிடுவது. அவ்வழியில் அவர் செல்லவில்லை. மூன்று மாதத்தில் உலகப்போர் மூண்டது. சகோதரர் இருவரும் இந்தியா திரும்பியது 1921 டிசம்பரில்.